ஏர்பேக் பில்லில் இருந்தது, காரில் இல்லை

விபத்தில் சிக்கிய காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டிருப்பவர்கள், வண்டியைத் திருப்பி எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மனைவி ஓட்டிப்போன காரைப் பின்னால் வந்த வேன் இடித்துத் தள்ளியதில், கார் தடுப்புச் சுவரில் மோதி முன்பக்கம் நசுங்கிவிட்டது. ஸ்டியரிங்கில் இருந்த ஏர்பேக் விரிந்ததால் அவருக்குப் பெரிய காயம் இல்லை. இன்சூரன்ஸுக்குப் போன் போடுவதற்குள் ஓர் இழுவை வண்டி வந்து நின்றது. “இன்சூரன்ஸ்லருந்துதான் வர்றோம்” என்றார்கள். பொய். எங்கள் கம்பெனி யாரையும் அனுப்பவே இல்லை. இப்படி யாராவது வந்தால் பாலிசியில் உள்ள உதவி எண்ணில் கேட்டு உறுதி செய்யாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

அவர்கள் கொண்டுபோய்ச் சேர்த்த ஒர்க்‌ஷாப்பில், சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வரும் முன்பே முன்பக்கத்தைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். ரேடியேட்டர் விபத்தில்தான் உடைந்ததா என்று சர்வேயர் சந்தேகப்பட்டார். வண்டியை நகர்த்தும் முன் மனைவி எடுத்த படங்களில் ரேடியேட்டரில் இருக்கும் கூலன்ட் திரவம் ஒழுகித் தரையில் தேங்கியிருந்தது தெளிவாகத் தெரிந்ததால் ஒத்துக்கொண்டார். நசுங்கிய இடத்தை மட்டும் படமெடுத்தால் போதாது. நாலு பக்கமும், அடுத்த வண்டியின் எண்ணும், சாலையில் சிதறியதும் படத்தில் இருக்க வேண்டும்.

இதுவரை பணத்தோடு போயிற்று. அடுத்து அவர்கள் செய்ததை என்னால் மன்னிக்கவே முடியாது.

பில்லில் புது ஏர்பேக்குக்குத் தனியாக விலை போட்டிருந்தார்கள். சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தாலும் கோளாறு, எரியவே இல்லை என்றாலும் கோளாறு. எங்கள் காரில் எரியவே இல்லை. “புதுசு போட்டா அப்படித்தான் சார்” என்று சமாளித்துவிட்டு, பழுது திருப்தியாக முடிந்தது என்ற தாளை நீட்டி, கையெழுத்து போட்டால்தான் வண்டி என்றார்கள். மனைவி போட மறுத்து, அங்கிருந்தே கிளெய்ம் பிரிவுக்குப் போன் செய்தார்.

சர்வேயர் மெக்கானிக்கோடு வந்து ஸ்டியரிங் மூடியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் மூடியை ஒட்டி வைத்திருக்கிறார்கள்! விளக்கு காட்டிக்கொடுத்துவிடும் என்று அதன் இணைப்பையும் துண்டித்திருந்தார்கள். இன்னொரு முறை மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

அந்தத் தாளில் கையெழுத்து விழுந்திருந்தால் பணம் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருக்கும், அப்புறம் நாம் கத்தினாலும் கேட்க ஆள் இருக்காது. அதனால் முதலில் விளக்கைப் பாருங்கள். கழற்றிய பழைய பாகங்களையும், புதியவற்றின் பார்ட் நம்பர் உள்ள பில்லையும், காரின் கோளாறுகளைக் காட்டும் கம்ப்யூட்டர் ஸ்கேன் அறிக்கையையும் கேளுங்கள். சீட் பெல்ட்டை மறக்காதீர்கள்: அதை இறுக்கிப் பிடிக்கும் கருவியும் ஏர்பேக் மாதிரி ஒருமுறைதான் வேலை செய்யும், பெரிய மோதலுக்குப் பின் மாற்ற வேண்டியிருக்கும்.

கம்பெனி பணத்தை நிறுத்திவைத்திருக்கிறது. போலீஸிலும் புகார் கொடுத்திருக்கிறோம்.