கார்டு பாயின்ட்டா, விமான மைலா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரர்களான எங்களுக்குக் கோவை, கொச்சி என்று இரண்டு விமான நிலையங்கள். கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு ஸ்கூட், கொச்சியிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். இரண்டிலும் கிரிஸ்ஃப்ளையர் மைல் சேரும், அதாவது பறந்தால் கிடைக்கும், பிறகு டிக்கெட் எடுக்க உதவும் பரிசுப் புள்ளி; ஸ்கூட்டில் கொஞ்சம்தான். அந்த மைல் 36 மாதத்தில் காலாவதியாகும். மகளைப் பார்க்க அடிக்கடி போகிறவர்களுக்குச் சரி.

எப்போதாவது பறப்பவர்களுக்கு வங்கிக் கார்டு பாயின்ட்தான் என் ஓட்டு. பறக்காமலேயே கடைச் செலவில் சேரும். பல கார்டுகளில் வேண்டிய விமான நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றியது பொதுவாகத் திரும்பி வராது. நான் முதலில் மாற்றிவிட்டு, ஓணத்துக்கு மைலில் எடுக்கும் சீட் தேடி முழித்தேன். இப்போதெல்லாம் சீட்டைப் பார்த்த பிறகுதான் மாற்றுகிறேன். அப்புறம், பில்லை முழுசாகக் கட்டாவிட்டால் மாத வட்டியே பாயின்ட்டை விழுங்கிவிடும்.