முடி நடப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

என் பெரியப்பா மகனுக்கு ஆவணியில் கல்யாணம். முன்நெற்றி ஏறிவிட்டது என்று திருப்பூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் கிளினிக்கில் முடி நடுவதற்கு முழுப் பணமும் முன்னாடியே கட்டினான். புகார் நடப்பதால் கிளினிக் பெயர் போடவில்லை.

துணைக்கு நான் போயிருந்தேன். டாக்டர் வந்தார், நெற்றியில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டார், "ஒண்ணும் பயப்படாதீங்" என்றார். அதோடு சரி, அப்புறம் ஆளையே காணோம். மரத்துப்போகும் ஊசி போட்டது, வேர் எடுத்தது எல்லாமே டெக்னீசியன் பையன்கள்தான். அந்த லிக்னோகெயின் ஊசிக்கு உடல் எடையைப் பொறுத்து அளவு உண்டு. மிஞ்சினால் வலிப்பு வரும், இதயமே நின்றுபோகலாம். இவனிடம் எடையே கேட்கவில்லை. வலிக்குது என்றபோதெல்லாம் இன்னொரு ஊசி.

கொஞ்ச நேரத்தில் "அண்ணா, காதுக்குள்ள ஙொய்ங்குது, உதடு மரத்துப்போச்சு" என்றான். நாக்கு குழறியது, கை வெட்டி வெட்டி இழுத்தது. மூலையில் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது, திறக்கிற சாவிதான் இல்லை. குறுகலான படியில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்துத் தூக்கி இறக்கி, 108-ல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துவிட்டான். தலைதான் பாதி உழுத காடாக நிற்கிறது.

தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்களுக்கான 1997 சட்டம், 2018 விதிகளின்படி எந்த கிளினிக்கும் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் வரவேற்பறையில் கண்ணில் படுகிற மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே சுவர் நிறையப் பயிற்சிப் பட்டறைச் சான்றிதழ்கள், இது மட்டும் இல்லை. யூடியூப் பார்த்தோ பட்டறைக்குப் போயோ கற்றது முடி நட போதுமான பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. கத்தியைப் பிடிக்கப்போவது யார், அவருடைய பதிவு எண் என்ன என்று கேளுங்கள். அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் சரிபார்க்கலாம். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சிகிச்சைப் பதிவேட்டை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். எங்களிடம் "கம்ப்யூட்டர் ரிப்பேருங்" என்றார்கள். பதிவுத் தபால் போன பிறகுதான் ஒரு தாள் வந்தது. ஊசி மருந்தின் அளவு எழுத வேண்டிய இடம் காலி. அந்தத் தாளின் நகலோடு ஜே.டி. (மாவட்ட மருத்துவத் துறை இணை இயக்குநர்) ஆபீசிலும் மருத்துவக் கவுன்சிலிலும் புகார் கொடுத்திருக்கிறோம். அடுத்தது நுகர்வோர் ஆணையம். அங்கே இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், சிகிச்சைக்குக் கட்டிய பணம் ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.

போன வாரம் கிளினிக்கிலிருந்து போன். பாதிப் பணம் தருகிறார்களாம், கூகுள் ரிவ்யூவை எடுத்துவிட வேண்டுமாம். எடுக்கவில்லை.