ரிங்லெட்டில் வீடு: கல் பங்களாவா, தாமான் வீடா?

தங்கச்சியும் மாப்பிள்ளையும் கிள்ளான் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அம்மாவோடு மலேசியாவின் கேமரன் மலைக்கே திரும்பப் போகிறார்கள். மூன்று மாதமாக அங்குள்ள ரிங்லெட் ஊரைச் சுற்றி அலைந்ததில் கடைசியாக மூன்று வீடு நிற்கிறது. ஒன்று, பெர்த்தாம் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி மேட்டில் இருக்கும் பழைய கல் பங்களா. அடுத்தது, டவுனை ஒட்டிய புதுத் தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், இரட்டை மாடி வரிசை வீடு. மூன்றாவது, கீழே ஆற்றோரம் காய்கறித் தோட்டத்தோடு சேர்ந்த வீடு. இந்த ஊரில் பிறந்தவன், முப்பது வருஷம் கொத்து வேலை பார்த்தவன் என்பதால் என்னையும் கூடவே இழுத்துக்கொண்டு போனார்கள். பார்த்ததை மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

ஆற்றோர வீட்டை முதலில் முடித்துவிடலாம். விலை கேட்டால் ஆசை வரும். ஆனால் நிலத்துக்கு கிராண்ட், அதாவது உரிமைப் பத்திரம், இல்லை, இருப்பது டி.ஓ.எல். என்கிற தற்காலிக உரிமம். அந்த உரிமம் எந்த மாதம் எடுத்தாலும் டிசம்பர் 31-உடன் முடியும், பிறகு வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். பெயர் மாற்ற முடியாது. வைத்திருப்பவர் இறந்தால் அதோடு சரி. அப்படியென்றால் விற்பவர் எதை விற்கிறார்? கட்டடத்தையும் ஒரு நம்பிக்கையையும்தான். வங்கிக் கடனும் கிடைக்காது. அதோடு, 2013 அக்டோபரில் சுல்தான் அபு பாக்கார் அணையைத் திறந்துவிட்ட இரவு பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களும் வீடுகளும் போனதை நாங்கள் மறக்கவில்லை. ‘அந்தப் பக்கம் வேணாம்யா’ என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இனி கல் பங்களா. தாப்பாவிலிருந்து மலைப்பாதை 1931-இல் வந்த பிறகு வெள்ளைக்காரர்கள் இங்கே கட்டிக்கொண்ட பாணி: இடுப்பு உயரத்துக்கு மேல் வரை கருங்கல், அதற்கு மேலே வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டம், உள்ளே கணப்பு அடுப்பு, நான்கு அறை, நீளமான வராந்தா. தரை செங்கால் என்கிற கெட்டி மரப் பலகை. எண்பது வருஷத்துக்கு மேல் மிதிபட்டும் இன்னும் கிறீச்சென்று கூடச் சத்தம் வரவில்லை. வராந்தாவில் நின்றால் எதிர்ச் சரிவு முழுக்கத் தேயிலை, அதற்குக் கீழே காய்கறித் தோட்டங்களின் வெள்ளைப் பிளாஸ்டிக் கூடாரங்கள். காலையில் பனி ஏறி வரும்போது கூடாரம் மறைந்து தேயிலை மட்டும் தெரியும்.

விற்பவர்கள் இந்தக் காட்சிக்குத்தான் விலை வைக்கிறார்கள், வாங்குகிறவர்களும் காட்சியைப் பார்த்தே தலையாட்டுகிறார்கள். கல் வீடு வாங்கும்போது முதுகை பள்ளத்தாக்குக்குக் காட்டிவிட்டு, வீட்டுப் பின்புறம் போய் நில்லுங்கள். மேட்டிலிருந்து வரும் தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் அந்த வீட்டின் ஜாதகம்.

நாங்கள் போன அன்று மழை இல்லை. மாப்பிள்ளையை வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, பின்பக்கக் கால்வாயின் மேல்முனையில் ஊற்றினேன். கீழ்முனையில் வர வேண்டும். வரவில்லை. இரண்டாவது வாளி, மூன்றாவது வாளி. நான்காவது வாளிக்குப் போகும்போது தங்கச்சி, ‘அண்ணே, இங்க பாருங்க’ என்று கூப்பிட்டாள். சமையலறைச் சுவரின் அடியில், இரண்டு கல்லுக்கு நடுவே, ஈரம் கறுப்பாகப் பரவிக்கொண்டிருந்தது. கால்வாய் நடுவில் விரிசல் விட்டு, ஊற்றியதெல்லாம் அஸ்திவாரத்துக்குப் போயிருக்கிறது. எத்தனை வருஷமாகவோ.

இதைப் பார்த்து வீட்டை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. கால்வாயைத் தோண்டி ஒழுங்காக வாட்டம் வைத்துப் புதிதாகக் கட்டலாம். சுவரின் மேல் எனக்குக் குறை இல்லை. பதினெட்டு அங்குலக் கனம், சுண்ணாம்புக் கலவை. நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிறது. பலர் இதைப் பார்த்துப் பயந்து சிமெண்டு பூசச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும், சிமெண்டு வாங்கியதை விடாது. வீட்டுக்காரர் கேட்டார் என்பதற்காக இதே மலையில் ஒரு பழைய கல் சுவரை நானே என் கையால் சிமெண்டு பூசி மூடினேன். இரண்டு மழைக்காலத்துக்குள் உள்பக்கம் உப்புப் பூத்து, சாயம் தோல் தோலாக உரிந்தது. இன்னும் அந்த வழியாகப் போனால் எனக்கு மனசு கேட்காது. உதிர்ந்த சந்துகளைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பாலேயே அடைக்க வேண்டும். அது தெரிந்த கொத்தனார் இப்போது அபூர்வம், கூலியும் அதிகம்.

மற்றபடி, பழைய ரப்பர் உறை வயர் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். பின்னறைக் கூரையில் இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் தகடு மாதிரி இருக்கிறது. அதை நீங்களாக உடைக்காமல் தெரிந்த ஆளிடம் விடுங்கள். மேல்சட்டங்களை ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் மட்டும் சத்தம் பொத்தலாக வந்தது, கரையான். ஒரு சட்டம்தான்.

தாமான் வீட்டில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கதவு சாத்தினால் சாத்திக்கொள்கிறது, பல்பு போட்டால் எரிகிறது. வீட்டைக் கட்டி விற்கும் மேம்பாட்டாளரிடம் நேராக வாங்குவதால், சாவி கொடுத்த நாளிலிருந்து 24 மாதம் வரை குறை எதுவானாலும் அவர்கள் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பது சட்டம். பழைய வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது, கண்ட நிலையில் வாங்க வேண்டியதுதான். தமிழ்ப்பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் நடந்தே போகலாம். தானா ராத்தா ஆஸ்பத்திரி இரண்டு வீட்டிலிருந்தும் சுமார் 13 கிலோமீட்டர், அதில் வித்தியாசம் இல்லை.

ஆனால் தாமானிலும் பின்புறம் போய் நின்றேன். மேட்டை வெட்டிச் சமமாக்கி, பின்னால் உயரமான தடுப்புச்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சுவரில் தண்ணீர் வெளியேற வைத்த துளைகளில் பாதி, கட்டிய புதிதிலேயே மண் அடைத்துக் கிடந்தன. அடைத்தால் தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்கி, சுவரைத் தள்ளும். 1993 டிசம்பரில் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் சரிந்து 48 பேர் செத்தார்களே, பின்னால் இருந்த மலைச்சரிவில் வடிகால் சரியில்லாமல் தண்ணீர் இறங்கியதும் தடுப்புச்சுவர் விழுந்ததும் அந்தக் கதையின் பெரிய பகுதி. தாமான் விழுந்துவிடும் என்று சொல்லவில்லை. அந்தத் துளைகளைத் துப்புரவு செய்யும் பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள் என்கிறேன். விற்பனை ஆபீஸில் கேட்டபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

காசுக்கு வருவோம். பங்களாவுக்குக் கேட்கும் விலை 900,000 வெள்ளி (ரிங்கிட்), தாமான் வீடு 500,000. பெயர் மாற்றும் பத்திரத்துக்கு முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடு, அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை 2, பிறகு பத்து லட்சம் வரை 3. ஆகவே பங்களாவுக்கு 21,000, தாமானுக்கு 9,000. மாப்பிள்ளைக்கு வயது 52. வங்கிக் கடன் 70 வயதுக்குள் முடிய வேண்டும் என்பதால் 18 வருஷம்தான் கிடைக்கும். 90 விழுக்காடு கடன், 4 விழுக்காடு வட்டி என்று போட்டுப் பார்த்தால் பங்களாவுக்கு மாதம் சுமார் 5,270 வெள்ளி, தாமானுக்கு 2,930. இந்த இடைவெளியை எந்தக் காட்சியாலும் நிரப்ப முடியாது, கையில் சேமிப்பு இருக்க வேண்டும். இவர்களுக்கு இருக்கிறது, இல்லையென்றால் தாமானுக்கே போகச் சொல்லியிருப்பேன். இன்னொன்று: வங்கி தன் மதிப்பீட்டாளர் சொல்லும் விலையையும் வாங்கும் விலையையும் ஒப்பிட்டு, குறைந்ததற்குத்தான் கடன் தரும். பழைய கல் வீட்டை மதிப்பிட அக்கம்பக்கத்தில் அதே மாதிரி விற்ற வீடு இருக்காது. அதனால் மதிப்பீடு குறைந்து வரும் என்று நினைத்தே தயாராக இருங்கள். தீக்காப்புறுதி எடுக்கும்போது நிலச்சரிவைத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள், சாதாரணப் பாலிசியில் அது வராது.

கிராண்ட் விஷயத்தில் பங்களா எனக்குப் பிடித்தது. நில அலுவலகத்தில் அதிகாரபூர்வமாகத் தேடி எடுத்த தாளில் ‘செலாமா-லாமாஞா’ என்று இருக்கிறது, காலக்கெடு இல்லாத உடைமை. நில வகை கட்டடம், விவசாயம் இல்லை. தடையோ, வேறு யாராவது உரிமை கோரிப் பதிந்த கேவியட்டோ கிடையாது. தோட்டத்திலிருந்து பிரித்த நிலங்களை வாங்குகிறவர்கள் இதை விடவே கூடாது: 40 ஹெக்டேருக்குக் குறையாமல் ஒட்டிக் கிடக்கும் விவசாய நிலத்தின் ஒரு பகுதியைக் கைமாற்ற, தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். பங்களாவின் நிலம் தொடக்கத்திலிருந்தே தனி கிராண்ட். தாமான் வீடோ 99 வருஷக் குத்தகை. பிள்ளைகள் காலத்தில் அது ஒரு கேள்வியாக வரும்.

பங்களாவின் ஒரே பெரிய குறை, வாசல் கேட்டிலிருந்து 14 படி. அம்மாவுக்கு 78 வயது, முழங்கால் வலி. அந்தக் காலத்தில் தேயிலை கிள்ளப் போகும்போது இந்த வீட்டுக்குக் கீழ்ப்பாதையில்தான் கூடையோடு நடப்பார். துரை வீடு, நிமிர்ந்து பார்த்ததுகூட இல்லை என்பார். அன்று மாப்பிள்ளை கையைப் பிடித்துப் படி ஏறி, வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்ச் சரிவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ‘கொழுந்து முத்திப் போச்சு. இன்னும் ஆள் விடல’ என்றார். பிறகு தேநீர் கேட்டார். தங்கச்சி அப்போதே முடிவு செய்துவிட்டாள் என்று நினைக்கிறேன். படிக்குப் பக்கவாட்டில், சமையலறைப் பக்கமிருந்து ஒரு சாய்தளம் போட இடம் இருக்கிறது, அளந்து பார்த்தேன்.

என் வாக்கு பங்களாவுக்கு, விலை இறங்கினால். பின் கால்வாய், வயரிங், சுண்ணாம்பு வேலை மூன்றையும் கணக்கிட்டு 840,000 கேட்டிருக்கிறோம். ஒப்புக்கொண்டால் 2 விழுக்காடு முன்பணம், அதாவது 16,800, கொடுத்துவிட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது 10 விழுக்காட்டில் மீதி 8. அதற்கு முன்னால் சரிவைப் பார்க்கத் தெரிந்த பொறியாளர் ஒருவரைக் கூட்டிப் போகிறோம். வரும் வாரம் மழை அடித்துப் பெய்தால், அன்றைக்கே வாளி இல்லாமல் மறுபடியும் போய்ப் பின்புறம் நிற்பேன்.