கார்-டி செல்லா, பைஸ்பெசிஃபிக் ஊசியா?

புற்றுநோய்க்கான இந்த இரண்டு சிகிச்சையும், நோயாளியின் டி செல்லை, அதாவது நோயை எதிர்க்கும் வெள்ளை அணுவை, புற்றுச் செல் மேல் ஏவிவிடும் வேலைதான். கார்-டியில் அந்தச் செல்களை ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் புது மரபணுவைப் புகுத்திப் பெருக்கி, திரும்ப உடம்பில் ஏற்றுகிறார்கள். பைஸ்பெசிஃபிக் ஆன்டிபாடியில் இந்தப் பாடெல்லாம் இல்லை. ஒரு கையில் டி செல்லையும் மறு கையில் புற்றுச் செல்லையும் பிடித்து ஒட்டவைக்கும் தயார் மருந்து அது.

கார்-டியின் பெரிய பலம், ஒருமுறை ஏற்றினால் செல்கள் உள்ளேயே பெருகுவது. 2010-இல் சிகிச்சை பெற்ற இருவரின் ரத்தத்தில் பத்து வருஷம் கழித்தும் அவை இருந்தன. 2017-இல் அமெரிக்காவில் முதல் அனுமதி பெற்ற கார்-டி சிகிச்சையான கிம்ரியாவின் ஆய்வில், ரத்தப் புற்று திரும்பி வந்த சிறார், இளைஞர்களில் 81 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்துக்குள் நோய் அடங்கியது. எல்லோரும் மேற்கோள் காட்டும் எண் இது. ஆனால் அது செல் ஏற்றப்பட்ட 75 பேரின் கணக்கு. ஆய்வில் சேர்ந்தவர்கள் 92 பேர். மீதிப் பேரில் சிலருக்குச் செல் சரியாக உருவாகவில்லை, சிலர் காத்திருக்கும்போதே இறந்துபோனார்கள். செல் தயாராகப் பல வாரம் பிடிக்கும். வேகமாக முற்றும் நோய் அதுவரை பொறுக்குமா என்பதுதான் என் முதல் கேள்வி.

ஊசியை உடனே தொடங்கலாம். ஆனால் லேசில் விடாது. 2014-இல் வந்த பிளினாடுமோமாப் சில மணி நேரத்தில் உடம்பிலிருந்து கரைந்துவிடும் என்பதால், 28 நாள் ஓயாமல் பம்ப் வழியாக ஏற்றினார்கள். மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுக்கான டெக்லிஸ்டமாப் பரவாயில்லை, தோலுக்கடியில் வாரம் ஒருமுறை. தொடர்ந்து போடப் போடத் தொற்று பயம் கூடவே வரும்.

காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு இரண்டிலும் உண்டு. பொதுவாகக் கார்-டியில் கடுமை அதிகம். மூளையும் குழம்பலாம். அதைக் கண்டுபிடிக்க நோயாளியை ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்வார்கள். நேற்று நேராக இருந்த கையெழுத்து இன்று கோணிக் கிறுக்கலானால் உஷாராகிவிடுவார்கள்.

மைலோமாவில் இன்னொரு சிக்கல். இரண்டு சிகிச்சைக்கும் பெரும்பாலும் ஒரே குறி, புற்றுச் செல்லின் மேலுள்ள பிசிஎம்ஏ என்ற புரதம். ஊசியை முதலில் போட்டுவிட்டால், டி செல்கள் களைத்தோ குறியே மறைந்தோ, பின்னால் வரும் கார்-டி மங்கலாகத்தான் வேலை செய்கிறது. அதனால் பொறுக்க அவகாசம் உள்ளவருக்கு நான் கார்-டியையே முன்னால் வைப்பேன்.