ஷீட்டைக் காப்பி செய்தாலும் ஃபார்முலா தடம் மாறாமல் இருக்க: தோட்டக் கணக்கில் என் அனுபவம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் செக்ரோல் (வேலையாட்களின் வருகை, சம்பளப் பதிவு) பார்க்கிறேன். தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனுக்கும் (பிரிவுக்கும்) ஓர் எக்செல் ஃபைல். மாதக் கடைசியில் அவற்றின் ஷீட்டுகள் எல்லாம் தலைமை ஃபைலுக்கு வந்தாக வேண்டும்.

'சம்பளம்' ஷீட்டை மட்டும் காப்பி செய்தால், 'விகிதம்' ஷீட்டிலிருந்து எண் எடுக்கும் ஃபார்முலாக்கள் பழைய ஃபைலின் பெயரையும் சேர்த்துக்கொண்டு வரும். தலைமை ஃபைலில் அதே பெயரில் ஒரு ஷீட் இருந்தாலும் எக்செல் அதைக் கண்டுகொள்ளாது. எர்ரரும் காட்டாது, அதுதான் ஆபத்து. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 1,700 ஆனது. 26 நாளுக்கு வகுத்தால் நாள் சம்பளம் 57.69-லிருந்து 65.38. ஃபார்முலா பழைய ஃபைலிலேயே நின்றுவிட்டால், குலை வெட்டுகிறவருக்கு ஒவ்வொரு நாளும் 7.69 வெள்ளி குறையும். உழைத்தவர் காசு அது.

தொடர்புள்ள ஷீட்டுகளைக் கண்ட்ரோல் அழுத்திச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, 'மூவ் ஆர் காப்பி'யில் ஒன்றாக அனுப்பினால் ஃபார்முலாக்கள் புதிய ஃபைலுக்குள்ளேயே இணைந்துகொள்ளும். சுலபமான வழிதான். ஆனால் ஏதாவது ஒரு ஷீட்டில் எக்செல் டேபிள் ('இன்சர்ட்' வழியாகச் செய்த அட்டவணை) இருந்தால், இப்படிச் சேர்த்துக் காப்பி செய்ய எக்செல் விடாது. அதோடு, தலைமை ஃபைலில் ஏற்கெனவே 'விகிதம்' இருந்தால் 'விகிதம் (2)' என்று இன்னொன்று முளைக்கும்.

பல வருடமாக எனக்குக் கைகொடுப்பது 'சேஞ்ச் சோர்ஸ்'. ஷீட்டைக் காப்பி செய்து தலைமை ஃபைலை சேவ் செய்யுங்கள். அப்புறம் 'டேட்டா' டேப்பில் 'எடிட் லிங்க்ஸ்' (புதிய பதிப்பில் 'வொர்க்புக் லிங்க்ஸ்') திறந்து, பழைய ஃபைலுக்குப் பதிலாக நீங்கள் திறந்து வைத்திருக்கும் அதே தலைமை ஃபைலைக் காட்டுங்கள். எல்லா ஃபார்முலாவும் ஒரே தடவையில் உள்ளே திரும்பிவிடும். ஷீட் பெயர்கள் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரிப்ளேஸ் போட்டுப் பழைய ஃபைல் பெயரை அழிப்பதும் உண்டு. சின்ன ஷீட்டுக்குச் சரி. பழைய ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். மூடியிருந்தால் ஃபோல்டர் பாதை முழுவதும் ஃபார்முலாவில் ஏறிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் லிங்க் எச்சரிக்கை வந்தால், கண்ட்ரோல் எஃப்3 அழுத்தி நேம் மேனேஜரைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால், வேலையாட்கள் பெயரைத் தேர்ந்தெடுக்கும் டிராப்டவுன் பட்டியலில் பழைய ஃபைல் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.