மூன்று பட்டை: பயிற்சிக்கு முன்னா, பின்னா?

அமெரிக்கத் தரைப்படையில் மூன்று பட்டை அணியும் சார்ஜென்ட், அதாவது சிறு குழுவை வழிநடத்துபவர், ஆக வேண்டுமென்றால் அடிப்படைத் தலைமைப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு 2016இல் இறுகியது. 'தேர்ந்தெடு, பயிற்றுவி, கல்வி கொடு, பதவி உயர்த்து' என்பதே அந்த வரிசை. அதற்கு முன், ஈராக், ஆப்கானிஸ்தான் போர்க்காலத்தில் இது தலைகீழாகவும் நடந்தது. படைப்பிரிவு களத்தில் இருந்ததால் விலக்கு பெற்றுப் பட்டை முதலில் வந்தது, வகுப்பு பிறகு.

பட்டை முதலில் என்பதற்கு வலுவான நியாயம் உண்டு. நெருக்கடியில் ஏற்கெனவே ஆட்களை வழிநடத்திக் காட்டியவரை, வகுப்பில் இடம் காலியில்லை என்பதற்காக நிறுத்திவைப்பது அநியாயம். சம்பளமும் தள்ளிப்போகிறது. அந்தத் தாமதம் அவருடைய குற்றமல்ல.

ஆனாலும் என் ஓட்டு பயிற்சி முதலில் என்பதற்கே. நேற்றுவரை பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த நண்பன் இன்று தாமதமாக வருகிறான். புதிய சார்ஜென்ட் அவனை எதிரே உட்காரவைத்து, 4856 எண் ஆலோசனைப் படிவத்தில் தவறை எழுதி, திருத்தும் வழியையும் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். துப்பாக்கி சுடுவதைவிட இது கடினம்! முதல் தடவை தடுமாறுவதை வகுப்பறையில் தடுமாறிவிடலாம். அங்கே யாருடைய பணிப்பதிவும் கெடாது. 22 நாள் படிப்பு யாரையும் தலைவராக்கிவிடாது என்பது சரிதான். அது தருவது ஒத்திகை.

போர்முனையில் இருப்பவருக்கு மட்டும் தற்காலிகப் பட்டை கொடுக்கலாம், திரும்பியதும் படிப்பை முடிக்கக் கெடு விதித்து.