.44 மேக்னம் ரிவால்வர்ல .44 ஸ்பெஷல் – ஆறு வருஷ அனுபவம்

எங்கிட்ட ஆறு இன்ச் பேரல் .44 மேக்னம் ரிவால்வர் ஒண்ணு ஆறு வருஷமா இருக்கு, ஆனா உள்ளதச் சொல்லணும்னா அதுல சுட்டதுல முக்கால்வாசி, அதே துப்பாக்கில போடக்கூடிய மைல்டான பழைய தோட்டா .44 ஸ்பெஷல்தான். வாங்குன புதுசுல ஆசைக்கு ஒரு பெட்டி ஃபுல் லோடு (முழு வேக மேக்னம்), 50 தோட்டா, ஒரே நாள்ல சுட்டு முடிச்சேன், கட்டைவிரல் இடுக்குல தோல் வழண்டு போச்சு, அது கூட ஆறிடுச்சு, அடுத்த தடவை போனா ட்ரிகர் விழறதுக்கு முன்னாடியே கண்ணு தானா மூடிக்குது. கூட வந்த நண்பர் எனக்குத் தெரியாம நடுவுல ஒரு காலி கேஸை (சுட்டு முடிச்ச தோட்டாக் கூடு) போட்டுக் குடுத்தாரு. வெறும் க்ளிக் சத்தம்தான், ஆனா உதைக்குப் பயந்து நானே கையக் கீழ அழுத்திருக்கேன், பேரல் முனை தரையப் பாத்து நிக்குது. மானமே போச்சு.

அதுக்கப்புறம்தான் ஸ்பெஷலுக்கு வந்தேன். 1907ல வந்த தோட்டா, 1955ல வந்த மேக்னம் இதோட கேஸை எட்டுல ஒரு பங்கு இன்ச் நீட்டுனதுதான், குண்டோட விட்டம், ரிம் (கேஸோட அடி விளிம்பு) எல்லாம் ஒண்ணே. நீட்டுனதே பழைய ஸ்பெஷல் துப்பாக்கிக்குள்ள மேக்னம் நுழைஞ்சிடக் கூடாதுன்னுதான், அதனால இது ஒருவழிப் பாதை, தலைகீழா யாரும் முயற்சி பண்ணாதீங்க. பழைய ஸ்டாண்டர்ட் லோடு 246 கிரெய்ன் (குண்டு எடைக்கான அளவு) ஈயக் குண்டு, நொடிக்கு 755 அடி வேகம். இவ்ளோ கனமான துப்பாக்கில அது உதைக்கவே இல்ல, மெதுவா தள்ளுது. ரெண்டு மாசத்துல கண்ணு மூடறது நின்னுச்சு. குண்டு விழற இடம் மாறும், எனக்கு குறி பாக்கற பின் சைட்டை நாலு க்ளிக் ஏத்த வேண்டியிருந்துச்சு. காசு மிச்சமாகும்னு நினைச்சீங்கன்னா கடைத் தோட்டால ஆகாது, ஸ்பெஷல் பல சமயம் மேக்னத்த விட விலை ஜாஸ்தி.

இப்ப தலைவலிக்கு வரேன். ஒரு நாள் 200 ஸ்பெஷல் வரைக்கும் சுட்டுட்டு துடைக்காம மேக்னம் போட்டேன், நாலாவது தோட்டா பாதில நிக்குது, கட்டைவிரலால அழுத்தியும் ரிம் உக்காரல, சிலிண்டர் மூட மாட்டேங்குது. வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா ஸ்பெஷல் கேஸ் முடியற இடத்துல சேம்பருக்குள்ள (சிலிண்டர்ல தோட்டா உக்கார்ற துளை) சுத்தி கறுப்பா ஒரு வளையம், கரியும் ஈயமும் சேந்து இறுகிக் கெடக்கு. அதுல மேக்னத்த பலவந்தமா திணிச்சு சுட்டா கேஸ் வாய் விரிய இடம் இல்லாம பிரஷர் எகிறும், வெளையாட்டு இல்ல. சால்வென்ட் விட்டு ஊற வெச்சு ஒரு சைஸ் பெருசா .45 வெண்கல பிரஷ் போட்டுத் தேய்ச்சாத்தான் போகுது. அவசரத்துக்கு, வாயை லேசா விரிச்சு விட்ட காலி மேக்னம் கேஸ் ஒண்ணு பையில வெச்சிருக்கேன், அத உள்ள தள்ளிச் சுரண்டுனா சுருள் சுருளா வருது, பாக்க அருவருப்பா இருக்கும்.

இப்ப ரெண்டு வருஷமா காலி கேஸ்ல பவுடரும் குண்டும் வெச்சு நானே தோட்டா லோடு பண்றேன், மேக்னம் கேஸ்லயே மைல்டா, அதனால வளையப் பிரச்சினையே இல்ல. ஆனா பெரிய கேஸ்ல கொஞ்சூண்டு பவுடர், தெரியாம ரெண்டு தடவை கொட்டுனாலும் வழியாது, அதனால ஒவ்வொண்ணையும் டார்ச் அடிச்சுப் பாத்துட்டுத்தான் குண்டு வைப்பேன். இன்னொண்ணு, ஹெச்110 மாதிரி மெதுவா எரியற பவுடரைக் குறைச்சுப் போட்டு மைல்டாக்கலாம்னு நினைக்காதீங்க, குண்டு பேரல்லயே மாட்டிக்கும், மைல்ட் லோடுக்கு லோடிங் மேனுவல்ல (தோட்டா செய்ற அளவுப் புத்தகம்) தனியா பவுடர் குடுத்திருப்பாங்க, அதத்தான் போடணும். மிச்சம் இருக்கற ஸ்பெஷல் கேஸையும் தூக்கிப் போடல, புதுசா யாராச்சும் சுட வந்தா முதல் ஆறு அதுதான், ராத்திரி பிரஷ் வேலை எனக்கு.